அழகுமுத்துவுக்கு நான் வைத்த பத்தியம்

பெரிய கிளாக்கர் குவாட்டர்ஸ்,
நோர்வூட்.
11.08.1974, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய மச்சான் மரியநாயகம் ஆசிரியர் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ஐவியின் வீட்டுக்காரன் செபமாலை குனிந்த தலையோடு எழுதிக்கொள்வது.

இங்கே ஐவியும் பிள்ளைகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறார்கள். என் சுகத்தைப் பற்றித்தான் கடிதம் முழுவதும் வரப்போகிறது, ஆகையால் அதை இந்த இடத்தில் எழுதாமல் விடுகிறேன். வட்டகொடையில் தாங்களும் மச்சாளும் பிள்ளைகளும் இந்த மழைக்கும் பனிக்கும் ஒன்றும் ஆகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமைத் தபாலில் கிடைத்தது. ஐவி அதை வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். "மூன்று மாதமாகக் குரக்கன் ரொட்டியும் பாகற்காயுமாய் ஒரு முணுமுணுப்பில்லாமல் பத்தியம் காத்தும் வியாதி இறங்காத என் மைத்துனரின் பொறுமை வேதசாட்சிகளின் பொறுமை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். என் கண்ணில் ஒன்றும் இல்லை மச்சான், அவள் பார்க்கிறாளே என்று துடைத்தேன். எனக்காக மாதா திருநாளுக்கு நவநாள் செபம் தொடங்கியிருப்பதாகவும், வருகிற சனிக்கிழமை நேரில் வந்து என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு நவநாளின் ஆறாம் நாள் இருக்கும். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். சனிக்கிழமை வரவும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஐவிக்குத் தெரியாமல் எழுதுகிறேன், வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

சீனி வியாதியை எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர் லியனார்ட் கண்டுபிடித்ததாக ஐவி எழுதியிருப்பாள். அது பாதி உண்மை. முதலில் கண்டுபிடித்தது அழகுமுத்து. இவன் எங்கள் குவாட்டர்ஸ் வாசல்கூட்டி. வாசல் கூட்டுவது, விறகு பிளப்பது, மலையூற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் தூக்கிவருவது எல்லாம் இவன்தான். இருபது வருஷமாக இருக்கிறான். மே மாதத்தில் ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று ஐவியிடம், "அம்மா, ஐயா ஒதுங்குற எடத்துல எறும்பு மொய்க்குதுங்க, எதுக்கும் டாக்டரையாகிட்ட காட்டிருங்க" என்று சொன்னானாம். பெரிய கிளாக்கர் ஒதுங்குகிற இடத்தை வாசல்கூட்டி ஆராய்ச்சி பண்ணுவதா என்று எனக்குக் கோபம் வந்து அவனை ஏசினேன். ஏசி முடித்ததும் தாகம் எடுத்து ஒரு கேத்தல் தண்ணீரைக் குடித்தேன். ஐவி அந்தக் கேத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுநாளே டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லியனார்டின் சோதனையை நீங்கள் அறிவீர்கள், பத்து வருஷமாக உங்களுக்கும் நடக்கிறதுதானே. கண்ணாடிக் குழாயில் அந்த நீலத் தண்ணீரை ஊற்றி, நம்முடையதில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் லாம்பில் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் மனுஷன் தப்பினான். என்னுடையது நீலத்திலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் மாதிரி சிவந்து நின்றது. லியனார்ட் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நாடு பூரா சீனிக்குக் கியூவுல நிக்குது, நீங்க ஒடம்புக்குள்ள ஸ்டோர் வச்சிருக்கீங்களே கிளாக்கரையா" என்றார். அங்கே மருந்துக்கு நின்ற நாலைந்து பேரும் கூப்பன் சீனிக்குக் கியூவில் நிற்கிறவர்கள் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பதுக்கல்காரனைப் பார்க்கிற பார்வை.

அதற்குப் பிறகு உங்கள் கடிதம் வந்தது, பதினெட்டு விதிகளோடு. ஐவி அதை அடுப்படிச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டாள். சோறு ஒரு நேரம், அதுவும் ஒரு கைப்பிடி. உருளைக்கிழங்கு கூடாது. குரக்கன் ரொட்டி இரண்டு. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. வல்லாரைச் சம்பல். மாலையில் இரண்டு மைல் நடை. எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்வேன் மச்சான், தேத்தண்ணிதான் என்னைக் கொன்றது. நம்மூரில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, நாக்கால் ஒரு தொடுதல், சாயத் தண்ணியில் ஒரு மிடறு, இப்படித்தானே குடிப்போம். முப்பது வருஷப் பழக்கம். ஆபீசில் பத்து மணித் தேத்தண்ணி வந்ததும் இடது கை தானாக விரியும், நாக்கு தானாக அதற்குப் போகும். ஒருநாள் தோட்டத்துத் துரை எதிரில் நின்று எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் என் வெறும் உள்ளங்கையை இரண்டு தரம் நக்கியிருக்கிறேன். துரை பேச்சை நிறுத்திவிட்டு, காயம் ஏதும் பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் சேர் என்று சொன்னேன். அதுதான் முதல் பொய். அது ஒரு பொய்யோடு நின்றிருக்கலாம்.

இரண்டு மைல் நடையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பதினெட்டு விதிகளிலும் அது ஒன்றைத்தான் நான் ஒருநாளும் தவறாமல் கடைப்பிடித்தேன், ஐவி சாட்சி. மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேல் டிவிசன் ரோட்டில் சரியாக ஒரு மைலில் ஒரு சந்திக் கடை இருக்கிறது. அங்கே கொலணிக் கிராமத்திலிருந்து ஒரு சிங்களக் கிழவர் கித்துல் கருப்பட்டி கொண்டுவந்து விற்கிறார். முதல் நாள் சும்மா மழைக்கு ஒதுங்கினேன். அவர் ஒரு துண்டை உடைத்து நீட்டினார். எனக்குச் சீனி கூடாது என்று சொன்னேன். "மேக்க சீனி நெவெய் மாத்தயா, ஹக்குறு" என்றார், இது சீனி இல்லை, கருப்பட்டி என்று. இந்தக் காலத்தில் நமக்கு எல்லா உத்தரவும் சிங்களத்தில்தானே வருகிறது, அதுவும் ஒரு உத்தரவு மாதிரி எனக்குப் பட்டது. உங்கள் பதினெட்டு விதிகளையும் மனதுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். சீனி என்று இருந்தது, சர்க்கரை என்று இருந்தது, கருப்பட்டி என்று எங்கும் இல்லை. அன்றையிலிருந்து கடையைத் தாண்டி இன்னும் அரை மைல் போய் நடையை மூன்று மைலாக்கினேன், கடையைத் தாண்டிப் போகும்போது ஒரு துண்டு, திரும்பும்போது ஒரு துண்டு. ஐவி என் நடை ஆர்வத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் எனக்கு ஒரு கம்பளிக் குல்லாய் பின்னிக் கொடுத்தாள்.

ஜூலை நடுவில் லியனார்ட் ஆபீசுக்கு வந்து, "திங்கக்கெழமை போத்தல் அனுப்புங்க ஐயா. காலையில மொதல்ல வர்றது. இன்னும் செங்கல்லாவே இருந்தா இனி மாத்திரையெல்லாம் கெடையாது, தெனம் காலையில ஊசிதான்" என்றார். எனக்கு ஊசி என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அம்மைப்பால் குத்த வந்தவர்களைக் கண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒளிந்தவன் நான், அப்போது எனக்குக் கலியாணம் முடிந்து இரண்டு பிள்ளை. கருப்பட்டியை நிறுத்திப் பார்க்கலாம் என்றால் நடுவில் மூன்று நாள்தான் இருந்தது. அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகுமுத்து இரண்டு தகரத் தண்ணீரைக் காவடியில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்தேன். மூச்சுக்கூட வாங்கவில்லை. ஆள் வாடல்தான், எலும்பும் தோலும், ஆனால் காய்ச்சல் தலைவலி என்று ஒருநாள் நின்றவன் இல்லை. இவன் தண்ணீரில் எங்கே சீனி இருக்கப்போகிறது? அவ்வளவுதான் மச்சான், நான் யோசித்ததே அவ்வளவுதான். என் சப்பாத்தை அவன் துடைக்கிறான், என் விறகை அவன் பிளக்கிறான், இருபது வருஷமாய் என் வேலையெல்லாம் அவன்தானே செய்கிறான், இதையும் செய்யட்டும் என்று தோன்றியது. அந்த நேரத்தில் அதில் ஒரு வெட்கமும் எனக்குத் தெரியவில்லை. இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவி, என் பெயரை எழுதி ஒட்டி, விறகுக் கொட்டிலுக்குள் அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"நாளைக்குக் காலையில இதுல நீ ஊத்தி, டிஸ்பென்சரியில குடுத்துட்டு வா. ஐயாவோடதுன்னு சொல்லு."

"என்னோடதுங்களா ஐயா?"

"ஆமாண்டா."

"ஐயா பேரு எழுதியிருக்குதுங்களே."

"பேரு என்னோடது, தண்ணி ஒன்னோடது. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

அவன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் கறுத்துவிட்டது. யோசிக்கிறானே என்று, என் பங்குக் கூப்பன் சீனியில் அரை றாத்தலை ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் எனக்கு விலக்கப்பட்ட சாமான்தானே, என்ன நட்டம். அதைக் கையில் வாங்கியதும் தலையாட்டிவிட்டுப் போனான். நான் அன்று நிம்மதியாக நித்திரை செய்தேன்.

திங்கட்கிழமை பகல் லியனார்ட் ஐவியையும் என்னையும் டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டார். குழாய் மேசையில் நின்றது. செங்கல் இல்லை மச்சான், அதையும் தாண்டி ஒரு கறுப்புச் சிவப்பு. "நீங்க பத்தியம் இருக்கீங்களா, இல்ல சீனி மூட்டையில படுத்துத் தூங்குறீங்களா?" என்று லியனார்ட் கத்தினார். ஐவி அங்கேயே அழுதுவிட்டாள். அந்தோணியார் மேல் ஆணை, குரக்கனைத் தவிர இவர் வாயில் ஒன்றும் போகவில்லை, தினம் மூன்று மைல் நடக்கிறார் என்று சத்தியம் பண்ணினாள். அவள் பண்ணியது உண்மையான சத்தியம், அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். லியனார்ட் குழம்பிப்போய், சத்தத்தைக் குறைத்து, பாவம், சிலருக்கு அப்படித்தான், என்ன செய்தாலும் இறங்காது, ஊசிக்கு முன்னால் இன்னும் ஒரு மாதம் பலமான மாத்திரையில் வைத்துப் பார்ப்போம் என்றார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். ஐவி அன்று மாலையே உங்களுக்குக் கடிதம் எழுதினாள், நீங்கள் எனக்கு வேதசாட்சிப் பட்டம் கொடுத்தீர்கள். இதுதான் நடந்தது.

நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது வேறு. ஐயையோ, இது அழகுமுத்துவின் வியாதியல்லவா! என்னைவிட அவனுக்கல்லவா அதிகம் இருக்கிறது! உடனே சொல்லியிருக்க வேண்டும். லியனார்ட் மேசைக்கு இந்தப் பக்கம்தான் நின்றார், ஐவி பக்கத்தில் நின்றாள், இரண்டே வார்த்தை. சொன்னால் போத்தல் விஷயம் வெளியே வரும், பின்னாலேயே கருப்பட்டி வரும், தோட்டம் முழுக்கச் சிரிக்கும், நாளைக்குக் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளைமார் ஆட்களின் பெயர் வாசிக்கும்போது பேச்சு இதுவாகத்தான் இருக்கும். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று பேச்சடிபடுகிற காலம், பெரிய கிளாக்கர் மூத்திரத்தில் கள்ளத்தனம் பண்ணினார் என்று பெயர் எடுத்தால் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? மாதம் ஒருதரம் கோயிலுக்கு வருகிற சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றும் பார்த்தேன், இது எந்தக் கட்டளையில் வரும் என்று தெரியாமல், வழக்கம்போல் கோபத்தையும் செபத்தில் பராக்கையும் மட்டும் சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன்.

ஆனால் ஒருவனைச் சாகவிட மனம் வரவில்லை மச்சான், அவ்வளவு கெட்டவன் இல்லை நான். அன்றிலிருந்து அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். வியாதியின் அடையாளமெல்லாம் அச்சொட்டாக இருந்தது. பீலியில் வாய் வைத்து வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறான். விறகு பிளக்கிற நடுவில் கட்டையில் உட்கார்ந்துவிடுகிறான், எழும்பும்போது கண்ணைக் கட்டுகிறது என்கிறான். சாரத்தைக் கயிறால் கட்டியிருக்கிறான், இடுப்பு இளைக்க இளைக்க அந்தக் கயிற்றில் மூன்றாவது முடிச்சு. இதையெல்லாம் எனக்கு நேர்ந்தபோது நான்கூடக் கவனிக்கவில்லை, அவனுக்கு நான் கவனிக்கிறேனே என்று ஒரு பெருமைகூட வந்தது. சொல்லாமலே அவனைக் குணப்படுத்திவிடுவது என்று முடிவு பண்ணினேன். உங்கள் பதினெட்டு விதியும் எனக்கு மனப்பாடம்.

ஐவி அவனுக்கு வழக்கமாகக் காலையில் இரண்டு கோதுமை ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் கொடுப்பாள், பகலில் மிச்சச் சோறு. மாவு கிடைக்காத காலம், எங்களுக்கே போதவில்லை, வாசல்கூட்டிக்குக் கொடுப்பதை நிறுத்து என்று அவளிடம் கறாராகச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வியாதியால் ஆளின் குணமும் மாறிவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்கு வருகிற பாகற்காய்ச் சாற்றை அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கொட்டிலுக்குக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்தேன், அதில் எனக்கும் ஒரு லாபம் இருந்ததை மறைக்கவில்லை. "என்னாங்கையா இது?" என்றான். "ஒடம்புக்கு நல்லது, குடிடா" என்றேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "ஐயா குடுக்குறீங்க, குடிக்கிறேன், ஆனா இத குடிச்சா பசி அள்ளிக்கிட்டு வருதுங்கய்யா" என்றான். பசி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றேன். நடையும் வேண்டுமே, ஒன்றுமில்லாத துண்டுக் கடதாசிகளைக் கொடுத்து மேல் டிவிசனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் அனுப்பினேன். மூன்று வாரத்தில் கயிற்றில் ஐந்தாவது முடிச்சு விழுந்தது. பத்தியம் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இந்த வரியைத் திரும்ப வாசிக்க எனக்குத் தைரியமில்லை.

இன்று காலை பூசை முடிந்து வரும்போதுதான் திடுக்கிட்டு ஞாபகம் வந்தது: அரை றாத்தல் சீனி! அவனுக்கு நஞ்சை நானே பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேனே. கோட்டும் சூட்டுமாய் நேராகத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினேன். இருபது வருஷத்தில் அவன் காம்பராவுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. அவன் வீட்டில் இல்லை, விறகுக்குப் போயிருந்தான். அவன் பெண்சாதி ராக்காயி அடுப்பில் மரவள்ளி அவித்துக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் எழும்பி நின்றார்கள்.

"அந்தச் சீனி... நான் குடுத்தது... இன்னும் இருக்குதா?" என்று கேட்டேன்.

"அப்பிடியே இருக்குங்கய்யா. புள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா வேணுமேன்னு கட்டி வச்சிருக்கேன்."

"அத... அத திரும்பத் தா."

ஏன் என்று கேட்கவில்லை மச்சான். கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன், எனக்கும் லேசாக இருந்திருக்கும். மேலே கட்டியிருந்த பால் டின்னை அவிழ்த்து, புடவைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நீட்டிவிட்டு, "ஐயா வீட்டுலயும் தட்டுப்பாடுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் பரிதாபப்பட்டாள். அதோடு நிற்காமல், அவித்த மரவள்ளியில் இரண்டு துண்டை வாழை இலையில் சுற்றி, அம்மாவுக்குக் கொடுங்க என்று தந்தாள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சின்னப் பெண் பிள்ளை பால் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி எழுதப்போவதைத்தான் நீங்கள் அடுப்பில் போட வேண்டும். தேயிலைப் பெக்டரி வளைவு வரைக்கும் அந்த டின்னைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஐவி கேட்பாள். ஆற்றில் கொட்டலாம் என்று பாலத்தில் நின்றேன். சீனிக்கு நாடே அல்லாடும்போது ஆற்றில் கொட்டுவது பாவம் என்று பட்டது. என் இடது கை தானாக விரிந்தது. அரை றாத்தலையும் தின்று முடிக்கிறவரைக்கும் நான் அந்தப் பாலத்தை விட்டு அசையவில்லை. தேத்தண்ணிகூட இல்லாமல், மச்சான். பிறகு மரவள்ளியையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நாக்கு வறண்டு கிடக்கிறது, கண் மங்குகிறது, நெஞ்சில் பாரமாக இருக்கிறது. அது சீனியா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாளைக் காலை அழகுமுத்துவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு லியனார்டிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அவனுக்கு மருந்து கிடைக்க வேண்டும். வேலை போனால் போகட்டும். மூன்று பிள்ளைகளின் தகப்பன் அவன், என் கோழைத்தனத்தால் அவன் விழுந்துவிட்டால் நான் எந்த முகத்தோடு கோயில் படி ஏறுவேன்? ஐவிக்கு நானே நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் ஒரு வார்த்தை எழுதிவிட வேண்டாம். நவநாளை நிறுத்திவிடுங்கள், எனக்காக மாதாவிடம் மன்றாடுவது மாதாவையும் ஏமாற்றுவதாகும். சனிக்கிழமை வர வேண்டாம், உங்களை நேரில் பார்க்க என்னால் முடியாது.

மச்சாளுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகள் எல்லோருக்கும் மாமாவின் அன்பையும் ஆசீர்வாதத்தையும் சொல்லுங்கள். சூசையப்பர் உங்கள் கூரையையும் உங்கள் பத்தியத்தையும் காப்பாராக. வேதசாட்சி என்று நீங்கள் எழுதியதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்துப் பெயரைக் கெடுத்த
செபமாலை

பி.கு. 13.08.1974, செவ்வாய். நேற்று இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. மேலே எழுதியதில் எதையும் நம்ப வேண்டாம், அதாவது நடந்ததெல்லாம் நடந்ததுதான், நான் விளங்கிக்கொண்டதுதான் முழுக்கப் பிழை. நேற்றுக் காலை அழகுமுத்துவோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். பின்னாலேயே ஐவி வந்துவிட்டாள், என் கோட்டுப் பையில் சீனி கொட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு. அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. லியனார்ட் அழகுமுத்துவை உள்ளே அனுப்பி, போத்தலை வாங்கி, குழாயில் விட்டுக் காய்ச்சினார். நீலம். கொதிக்கக் கொதிக்க நீலம். இன்னொரு குழாயில் காய்ச்சினார், அதுவும் நீலம். "அன்னிக்கு நீ குடுத்தது யாரோடதுடா?" என்று கேட்டார். அழகுமுத்து, "ஐயாவோடதுதாங்க" என்றான். "ஐயா பேரு எழுதின போத்தல்ல எங்க தண்ணிய ஊத்த மனசு வரலீங்க. ஐயா கட்டிலுக்குக் கீழ வைக்கிற சட்டிய தெனமும் காலையில நான்தானுங்களே எடுத்துக் கழுவுறேன், அதுலருந்தே ஊத்திட்டுப் போயிட்டேன். மருந்து ஐயாவுக்குத்தானே, ஐயாவோடத குடுத்தாத்தானே சரியாக் காட்டும்? சீனிய மட்டும் வாங்கிக்கிட்டேன், மன்னிச்சுக்குங்கய்யா."

ஆக அந்தக் கறுப்புச் சிவப்பு என்னுடையது மச்சான். அவனுக்கு வியாதி இல்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். லியனார்ட் எனக்கு அங்கேயே ஊசி போட்டுவிட்டார், கண்டிக்கும் எழுதிவிட்டார். ஐவி என்னோடு பேசவில்லை, அழகுமுத்துவின் கண் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த லியனார்டிடம்தான் கேட்டாள், அப்படியானால் இவன் ஏன் இப்படி இளைத்துப்போனான், ஏன் கண்ணைக் கட்டுகிறது என்று. "இவனுக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. பட்டினி" என்றார் லியனார்ட். அவள் கொடுத்துவந்த இரண்டு ரொட்டியில் அவன் ஒருநாளும் ஒரு வாய் தின்றதில்லையாம். மடியில் கட்டிக்கொண்டு போய் ராக்காயிக்கும் பிள்ளைகளுக்கும் பிய்த்துக் கொடுப்பானாம். மிச்சச் சோறுதான் அவன் சாப்பாடு. இரண்டையும் நான்தான் நிறுத்தினேன்.

நவநாளை நிறுத்த வேண்டாம். சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள், பிறகு கண்டிக்குப் போகலாம். வரும்போது அங்கே எப்படியாவது கிடைத்தால் நாலு கொத்து அரிசி கொண்டுவாருங்கள், எங்கள் வீட்டுக்கு இல்லை. ஐவி நேற்றிலிருந்து ரொட்டி கொடுக்கத் தொடங்கிவிட்டாள், ஆனால் ராக்காயி காம்பராவுக்கு அரிசியை என் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நேற்று மாலை லயத்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். தனியாகப் போக எனக்கு முகமில்லை, நீங்களும் என்னோடு கொஞ்சம் வாருங்கள்.